அன்றைக்கு மழை இல்லை

நாடகம் எழுத எதற்காக ஆரம்பித்தேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எதற்காக விட்டேன் என்பதைச் சொல்ல முடியும். அதைச் சொல்லவும் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பல் இல்லை, களைப்பு.

கோலாலம்பூர் ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் எனக்குக் குமாஸ்தா வேலை. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை கித்தா என்கிற ரப்பர்ப் பெட்டிக்கும் ஈயக் கட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் சீட்டு எழுத வேண்டும். எல்லாம் இங்கிலீஷில், திரும்பத் திரும்ப அதே இருபது முப்பது வார்த்தைகள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே கையால் தமிழில் நாடகம் எழுதுவேன். பகலெல்லாம் யாருடைய சாமானுக்கோ எழுதிய கை, அந்த ஒரு மணி நேரம் தனக்காக எழுதுவதாக ஒரு நினைப்பு. அதற்கு மேல் பெரிய நோக்கம் இருந்ததாக இப்போது தோன்றவில்லை.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் சிலர் சேர்ந்து நாடக சபை ஒன்று நடத்திவந்தோம். தலைவர் எங்கள் ஆபீஸின் பெரிய கிராணியார், அதாவது தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். எழுதத் தெரிந்தவன் சபையில் நான் ஒருவன்தான். பெண் வேஷமெல்லாம் ஆண்களே கட்டுவார்கள். தாய் வேஷம் என்றால் எப்போதும் கடைத்தெருவில் தையல் மெஷின் வைத்திருந்த ஒருவருக்குத்தான் போகும். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. சேலை கட்டி மேடையேறினால் அவருக்குத் தனிக் குரல் வந்துவிடும்.

அதுவரை நான் எழுதியதெல்லாம் ராஜா, ராணி, சாபம், காடு. அந்த வருஷம் சபையின் ஆண்டு விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பெரிய கிராணியார் என்னைத் தம் மேசைக்குக் கூப்பிட்டார்.

"ராசா ராணிக் கதை போதும் தம்பி. எங்கட சனத்தின்ர கதை ஒண்டு எழுதும். வேலைக்குப் போற சனம், தோட்டத்து லயத்து வீட்டில இருக்கிற சனம். ஆனா ஒண்டு, பாக்க வாற சனம் அழவேணும். அழாட்டில் அது நாடகம் இல்லை."

"எதுக்கு ஐயா அழணும்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டில அழ ஏலாது. வேலைக்களத்தில அழ ஏலாது. பிறகு எங்க அழுறது?" என்றார். பிறகு முன்னால் இருந்த பேரேட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் இருந்தது ரயில்வே குவாட்டர்ஸில். வரிசையாகப் பலகை வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டில் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரன் ரயில் என்ஜினில் பயர்மேன். கரி அள்ளிப் போடுகிற வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவன். மனைவியும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும். குழந்தையைப் பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாப்பா பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். என் மனைவி தோசை ஊற்றும்போது முதல் தோசை தனக்குத்தான் என்று பாப்பா அந்தப் பக்கத்திலிருந்து பலகைச் சுவரைத் தட்டிச் சொல்லுவாள்.

எங்கள் வரிசைக்குப் பின்னால் தண்டவாளம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளைக்காகக் களிமண் வெட்டிய பள்ளங்கள். வெட்டி முடித்த பள்ளங்களில் தண்ணீர் நின்று குளம் மாதிரி ஆகியிருக்கும். சிலவற்றில் அல்லி பூத்திருக்கும். பெரியவர்கள் அந்தப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளைகள் போய்க்கொண்டே இருப்பார்கள்.

நாடகம் எழுதச் சொன்னதற்கு முந்தைய வருஷம், மழையே இல்லாத ஒரு மாதத்தில், பாப்பா அப்படி ஒரு பள்ளத்தில் விழுந்துவிட்டாள். பகல் மூன்று மணி இருக்கும். அவள் அம்மா பொதுக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். வெளியே ஓடுகிற சத்தம் கேட்டு எழுந்து பின்வாசலுக்கு வந்தபோது, சூளையில் வேலை பார்க்கும் சீனர் ஒருவர் பாப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். அவர் உடம்பெல்லாம் சேறு. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் மனைவிதான் போய் வாங்கினாள்.

அதற்குள் அந்தத் தாய் குழாயடியிலிருந்து வந்துவிட்டாள். கையில் இன்னும் சோப்பு நுரை. குழந்தையைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். பிறகு என் மனைவியிடம், தினமும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"பாவாடை நனைஞ்சிருக்குக்கா. மாத்திவிடுங்க. சளி பிடிச்சுக்கும்."

என் மனைவி குழந்தையை உள்ளே கொண்டுபோய், கொடியில் கிடந்த வேறு பாவாடையை எடுத்து மாற்றிவிட்டாள். ஈரப் பாவாடையைப் பிழிந்து உலரவும் போட்டாள். அப்படிச் செய்தாள் என்பதை அவளே அப்புறம் நம்பவில்லை.

கணவன் வேலை முடிந்து சாயங்கால வண்டியில், துறைமுகப் பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து திரும்பி வந்தான். யாரோ ஸ்டேஷனிலேயே சொல்லியிருக்கிறார்கள். வந்து நின்றான். எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அவன் அழுவதற்குக் காத்திருந்தார்கள். அவன் அழவில்லை. அடுத்த நாள் அடக்கம் எல்லாம் முடிந்து வந்தவன் குழாயடியில் கரி போகத் தேய்த்துக் குளித்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் குரல் எங்களுக்குக் கேட்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம், செம்பு வைக்கிற சத்தம், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் கிள்ளான் என்ஜின் ஷெட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கே துறைமுகத்துக்கும் கிள்ளானுக்கும் நடுவே ஓடுகிற சின்ன என்ஜினில் வேலை. போகிற அன்று அவன் மனைவி என் மனைவியிடம் சொன்னது இது: "என்னை அவரு மன்னிக்கலைக்கா. துணி துவைச்சுக்கிட்டு இருந்தேன்ல, அதான்."

பெரிய கிராணியார் சொன்ன பிறகு பத்து நாள் வெறும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பதினோராவது நாள் ஒரு தாய் வந்தாள். கையில் சோப்பு நுரையோடு வந்தாள். யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதினேன். பெண் குழந்தையை ஆண் குழந்தை ஆக்கினேன். பள்ளத்தை ஆறு ஆக்கினேன். மேடைக்கு நன்றாக இருக்கும் என்று மழையும் இடியும் சேர்த்தேன். தகப்பனை எங்கோ தூர ஊரில் வேலை பார்ப்பவனாகவும், எதுவும் தெரியாமல் கையில் பொம்மையோடு வீட்டுக்கு வருபவனாகவும் வைத்தேன். பாவாடையைச் சட்டை ஆக்கினேன். ஆனால் அந்த வாக்கியத்தை விடவில்லை. "சட்டை நனைஞ்சிருக்கு. மாத்திவிடுங்க. சளி பிடிச்சுக்கும்." அதைவிட நல்ல வரியை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை. அது நான் எழுதியதும் இல்லை.

எழுதி முடித்தால் மனைவியிடம் படித்துக் காட்டுவது வழக்கம். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். அந்த இடம் வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது அவ சொன்னதுல்ல?"

"ஆமா."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"அவங்கதான் கிள்ளான் போயிட்டாங்களே. பார்க்கவா போறாங்க?"

"நான் அதைக் கேக்கலை," என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

ஒத்திகையில் தையல்காரர் அந்த வரியில் நின்றுவிட்டார். "இதை எப்படிங்க சொல்றது? அழுதுக்கிட்டா?"

"அழாம சொல்லுங்க. வீட்டுல சாதாரணமாச் சொல்ற மாதிரி."

"அழாம சொன்னா கேக்கறவங்க எப்படி அழுவாங்க?"

"சொல்லிப் பாருங்க."

அவர் சொல்லிப் பார்த்தார். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஆர்மோனியக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். பெரிய கிராணியார் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நாடகம். பள்ளிக்கூடக் கூடம் நிறைந்து வெளியிலும் ஆள் நின்றது. நான் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் காட்சி பாதியில், பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் அவளைப் பார்த்தேன். கிள்ளானிலிருந்து காலை வண்டியில் வந்திருக்கிறாள். யாரோ சொந்தக்காரி நல்ல நாடகம் என்று கூட்டி வந்திருந்தாள். நாடகத்தை நிறுத்த முடியாது. தையல்காரரிடம் போய் அந்த வரியை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. நேரம் இருந்தது, சொல்லவில்லை.

தகரத்தை ஆட்டி இடி முழக்கினார்கள். தையல்காரர் வந்தார், குழந்தையைத் தொட்டார், அந்த வரியைச் சொன்னார். கூடம் முழுவதும் ஒரு மூச்சு போல ஒரு சத்தம் எழுந்தது. பிறகு பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ஆண்கள் தோளில் கிடந்த துண்டை முகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவள் மட்டும் அழவில்லை. மேடையையும் பார்க்கவில்லை. திரும்பி, தன் பின்னால் அழுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சீனர் அன்றைக்குப் பார்த்தது மாதிரி.

நாடகம் முடிந்ததும் பின்பக்கம் வந்தாள். தையல்காரர் சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி என் பக்கத்தில் நின்றாள். திட்டட்டும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணே, அன்னைக்கு மழை இல்லைண்ணே," என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

"நல்ல வெயிலு. மழை பெஞ்சிருந்தா பிள்ளை வெளிய போயிருக்க மாட்டா. நான் துணியும் துவைக்க எடுத்திருக்க மாட்டேன். நீங்க மழையைப் போட்டா அந்த அம்மா மேல தப்பு வந்துடுதுல்ல? மழையில எதுக்குப் பிள்ளையை விட்டான்னு கேப்பாங்க."

"மாத்திடறேன்மா," என்றேன்.

"மாத்துங்க." காலியாகிக்கொண்டிருந்த கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தனை பேரு அழுதாங்களே. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவங்க ஒருத்தரும் அழலைண்ணே. எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னாங்க. ஒருத்தி வந்து அடுத்தது ஆம்பளைப் பிள்ளையா பொறக்கும்னு சொன்னா. இன்னைக்குத்தான் பாப்பாவுக்கு அழுதாங்க."

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கிள்ளான்ல ஒரு தடவை போடுங்கண்ணே," என்றாள் அவள். "அவரு பார்க்கணும். ஒரு வருஷமாச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசறது இல்லை. சோறு போடுன்னு கூடக் கேக்கறது இல்லை. தட்டை எடுத்து வச்சுக்கிட்டு உக்காருவாரு. திட்டினா பரவாயில்லை. அடிச்சாக்கூடப் பரவாயில்லை. இதைப் பார்த்தாவது எதாவது சொல்லுவாரு."

அது வேண்டாம் என்று எனக்குப் பட்டது. வேலைக்குப் போய் வந்து உட்கார்ந்து எழுதிய காகிதம் அது. ஒரு மனிதனின் வாயைத் திறக்க அதைக் கொண்டுபோவது, கத்தியில்லாதவன் ஆபரேஷன் செய்யக் கிளம்பியது மாதிரி இருந்தது. ஆனால் கேட்காமல் எடுத்தவன், கேட்டபோது மறுக்க முடியுமா? பெரிய கிராணியாரிடம் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. கிள்ளானிலும் போடலாம் என்றதும் அவர் சந்தோஷப்பட்டார்.

கிள்ளான் நாடகத்துக்குப் படுதாவையும் பெட்டிகளையும் ரயிலின் சரக்கு வேனில் ஏற்றிக்கொண்டு காலை வண்டியில் போனோம். பெட்டாலிங், சுங்கை வே, பத்து தீகா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்று நின்று போனது. முந்தின நாள் முழுக்கச் சரக்குக் கணக்கு பார்த்த அலுப்பு எனக்கு. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தன. இடி அடிக்கிற தகரத்தை நான் கொண்டுவரவில்லை. ஆர்மோனியக்காரர் கேட்டார். மழை எடுத்தாச்சு என்றேன். நல்ல சீனைக் கெடுத்துட்டீங்க என்றார்.

கிள்ளானில் நாடகம் போட்ட கூடத்தில் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நேராக மேடைமேல் விழுந்தது. அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் வேலை உடுப்போடு, கரிக்கையோடு வந்து கடைசியில் சுவரோரம் நின்றான். அவனுக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். தூரத்திலிருந்து பார்க்க நாற்பது போல இருந்தான். தையல்காரர் அந்த வரியைச் சொன்னபோது அவன் அசையவில்லை. கூடம் அழுதது. அவன் நின்றான். அடுத்த காட்சியில் தகப்பன் பொம்மையோடு வந்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியாதே, நான் தூரத்துல இருந்துட்டேனே" என்று மேடையில் தகப்பன் வேஷக்காரர் மார்பில் அடித்துக்கொண்டு கதறினார். அப்போது அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். பிறகு படுதா இடுக்கில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் பின் வாசல் வழியாக இறங்கிப் போனேன்.

ஆற்றங்கரைக்குப் போகிற பாதையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரத்தில் மலாய்க்காரர் ஒருவர் படகில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தப்பு பண்ணிட்டேன் தம்பி. உங்க வீட்டு விஷயத்தை எழுதியிருக்கக் கூடாது," என்றேன்.

"எழுதினது பொய்யிண்ணே," என்றான். ஒரு வருஷம் பேசாத குரல் எப்படியிருக்கும் என்று நான் நினைத்திருந்தேனோ அப்படி இல்லை. சாதாரணமாக இருந்தது. "எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. நான் பார்த்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு மத்தியானம் கிள்ளான் வண்டியில போறேன். நம்ம வீட்டுக்குப் பின்னாடி என்ஜின் போகுது. பள்ளத்துக்கிட்ட கூட்டம். ஒரு சீனன் கழுத்தளவு தண்ணியில நின்னு கையைத் தூக்கறான். டிரைவர் என்னடா அதுன்னு கேட்டாரு. மாடு விழுந்திருக்கும்னு சொன்னேன். சொல்லிட்டுக் குனிஞ்சு கரி அள்ளிப் போட்டேன்."

படகுக்காரர் சுருட்டிய வலையைப் படகுக்குள் போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

"கிள்ளான் வந்து சாப்பிட்டேண்ணே. நல்லாச் சாப்பிட்டேன். ரெண்டாவது தடவை சோறு வாங்கினேன். திரும்பிப் போறதுக்குள்ள அந்த மாடு என்ன ஆச்சோன்னு ஒரு தடவை நினைச்சேன்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "அவளை எப்படிண்ணே நிமிர்ந்து பார்க்கறது? அவ பார்க்கலை. நான் பார்த்துக்கிட்டே போனேன்."

இங்கே நான் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அவன் சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. 'இதுதான் காட்சி' என்று தோன்றியது. பொம்மையோடு வருகிற தகப்பனைத் தூக்கிவிட்டு, என்ஜினில் நின்று மாடு என்று சொல்கிற தகப்பனை வைத்தால் கூடமே உடைந்துவிடும் என்று என் மனம் கணக்குப் போட்டது. பலகை வீட்டில் ஒரு குழந்தை என் மனைவி கையால் தோசை சாப்பிட்டு வளர்ந்தது, அதன் தகப்பன் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், நான் காட்சியை யோசிக்கிறேன். ஒரு நிமிஷம்தான். எழுதுவதை நிறுத்த அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதுமாக இருந்தது.

"உன் சம்சாரம் என்ன நினைச்சுக்கிட்டு இருக்குன்னு தெரியுமா?" என்றேன்.

"என்ன?"

"நீ அவளை மன்னிக்கலைன்னு. துணி துவைச்சுக்கிட்டு இருந்ததுக்காக."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கேட்டது காதில் விழாதவன் மாதிரி பார்த்தான். பிறகு எழுந்தான். கூடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தான், பாதி வழியில் ஓட ஆரம்பித்தான். நாடகம் முடிந்து ஜனங்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தேன். நான் போகவில்லை. அது எனக்குரிய காட்சி இல்லை. மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். பெட்டி கட்ட ஆள் வேண்டும் என்று தையல்காரர் வந்து கூப்பிட்டபோதுதான் எழுந்தேன்.

"அந்த ஆளு உள்ள வந்து அந்த அம்மா முன்னாடி தரையில உக்காந்துட்டாருங்க," என்றார் தையல்காரர். "என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்த அம்மா அவரு தலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நாங்க எல்லாம் வெளிய வந்துட்டோம்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நம்ம நாடகம் அந்த அளவுக்கா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நாடகம் இல்லைங்க," என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. அவர் சேலைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். நான் படுதாவைச் சுருட்டினேன்.

அடுத்த ஆண்டு விழாவுக்குப் பெரிய கிராணியார் மறுபடியும் கூப்பிட்டார். போன வருஷத்தைவிட அதிகமாக அழவைக்கிறதாக ஒன்று வேண்டும் என்றார். என்னிடம் இருந்தது. அவருக்குத் தெரியாது, ஆனால் என்னிடம் முழுசாக இருந்தது. எழுத முடியவில்லை ஐயா, கண் பார்வை சரியில்லை என்று சொன்னேன். "சீட்டு எழுதக் கண் தெரியுதோ?" என்று கேட்டார். பிறகு வற்புறுத்தவில்லை. வேறொருவர் எழுதிய நகைச்சுவை நாடகம் போட்டார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருஷத்தில் ரப்பர் விலை விழுந்து, ஆள் குறைப்பு வந்து, பாதிப் பேர் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். சபையும் நின்றது.

அழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று பெரிய கிராணியார் சொன்னது சரிதானா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பாதி சரி என்று தோன்றும். அந்தத் தாய்க்கு அழுகிற முகங்கள் வேண்டியிருந்தன. ஆனால் அவள் கணவனைப் பேச வைத்தது என் நாடகத்தில் நன்றாக இருந்த இடம் இல்லை, தப்பாக இருந்த இடம். என்னுடைய பொய்யைப் பொறுக்க முடியாமல்தான் அவன் உண்மையைச் சொன்னான். கதை எதற்கு என்று யாராவது கேட்டால் இதைப் பதிலாகச் சொல்ல முடியுமா? எனக்குத் தெரியவில்லை. இதற்கு மேல் யோசிக்க எனக்கு அலுப்பாக இருக்கிறது.

கிள்ளான் நாடகம் நடந்து நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் அவர்களைப் பார்க்கப் போனோம். ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. என் மனைவி முறுக்குச் சுட்டு எடுத்து வந்திருந்தாள். அவன் எங்களைப் பாயில் உட்கார வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். பாப்பாவைப் பற்றித்தான் பேச்சு. அவள் என்ஜின் சத்தத்தை எப்படி வாயால் செய்து காட்டுவாள், கரிக் கையால் தொட்டால் எப்படிக் கத்துவாள், ஒருமுறை கடைத்தெருவில் காணாமல் போய்ப் பூக்காரி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது எப்படி என்றெல்லாம் சொன்னான். எங்களுக்குத் தெரிந்ததும் தெரியாததுமாகச் சொல்லிக்கொண்டே போனான்.

"தினம் இப்படித்தான்க்கா," என்றாள் அவள் என் மனைவியிடம். "ஒரு வருஷம் வாயைத் திறக்க மாட்டேன்னாரு. இப்ப நிறுத்த மாட்டேங்கறாரு. எனக்குக் காது வலிக்குது." சொன்னாளே தவிர அவனை நிறுத்தச் சொல்லவில்லை. பாப்பா போன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை என்று என் மனைவி என்னிடம் சொல்லியிருந்தாள். பகலில் கண்ணை மூடினாலும் உடனே திடுக்கிட்டு எழுந்துவிடுவாளாம்.

காப்பி கொடுத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் பூக்காரிக் கதையின் நடுவில் இருந்தான். நான் தம்ளரைக் கீழே வைக்கத் திரும்பியபோது அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். என் மனைவி அவனிடம் சைகை காட்டினாள். அவன் திரும்பிப் பார்த்தான். பேச்சை நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, பூக்காரி பாப்பாவுக்கு என்ன வாங்கிக் கொடுத்தாள் என்று சொல்லிக்கொண்டே போனான்.